பக்கத்துக்கு எத்தனை பைசா?

தமிழில் எழுதி இணையத்தில் மாதாமாதம் காசு பார்ப்பவர்கள் யார் என்று ஓர் இலக்கியக் கூட்டத்தில் கேட்டால் சரியான பதில் வராது. அவர்களில் பெரும்பாலோர் அந்தக் கூட்டங்களுக்கு வருவதே இல்லை. விருதுப் பட்டியல்களில் அவர்கள் பெயர் இருக்காது, புத்தகக் கண்காட்சி மேடைகளிலும் தென்படமாட்டார்கள். பலருக்குப் புனைபெயர்தான் அடையாளம். ஈரோட்டிலோ மதுரையிலோ துபாயிலோ இருந்துகொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகோ இரவு அடுப்பை அணைத்த பிறகோ, செல்பேசியிலேயே ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு சொல்லில் ஓர் அத்தியாயத்தைத் தட்டிப் போட்டுவிட்டுப் படுக்கப் போகும் தொடர்நாவல் எழுத்தாளர்கள் அவர்கள். பெரும்பாலும் பெண்கள்.

அந்த உலகத்தில் அத்தியாயத்துக்கு ‘யூடி’ என்று பெயர். “சிஸ், இன்னிக்கு யூடி உண்டா?” என்று வாசகிகள் கேட்பார்கள். வாரத்தில் மூன்று யூடி என்று சொல்லிவிட்டு இரண்டு போட்டால் கோபித்துக்கொள்வார்கள். நாயகன் முறைத்துக்கொண்டு போகிற இடத்தில் அத்தியாயத்தை நிறுத்தினால் அதற்கும் திட்டு விழும். ஆனால் அடுத்த அத்தியாயத்துக்குத் திட்டியவர்களே முதல் ஆளாக வந்து நிற்பார்கள். கதை முடிந்ததும் “பத்து நாளில் லிங்க் எடுத்துவிடுவேன், படிக்காதவர்கள் படித்துவிடுங்கள்” என்று ஓர் அறிவிப்பு வரும். ஆண்டுக்கு ஒருமுறை பழைய கதையை ‘ரீரன்’ என்று சில நாட்களுக்கு மட்டும் மறுபடி திறந்துவிடுவார்கள்.

வார இதழ்களின் தொடர்கதையும், பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவலும் சேர்ந்து வளர்த்த வாசகக் கூட்டம் இது. லட்சுமியையும் சிவசங்கரியையும் ரமணிசந்திரனையும் படித்தவர்கள், அவர்களுடைய மகள்கள். இதழ்கள் தொடர்கதைக்கான பக்கங்களைக் குறைத்துக்கொண்டே வந்தபோது அந்த வாசகிகள் எங்கும் போய்விடவில்லை, செல்பேசிக்குப் போனார்கள். அவர்களைத் தேடி எழுத்தும் அங்கே போனது. இலக்கிய உலகம் இதைக் கண்டுகொள்ளாமல் இருந்த அந்தச் சில ஆண்டுகளில், இணையத்தில் எழுத்தை விற்பதன் நுட்பங்களை இந்த எழுத்தாளர்கள் கற்றுக்கொண்டார்கள். ஒரே கதையை நாலு வடிவத்தில் விற்பது, உரிமையைக் கையில் வைத்துக்கொள்வது, வாசகரைத் தொடர்ந்து தொட்டுக்கொண்டே இருப்பது ஆகியவைதான் அந்த நுட்பங்கள். இணையத்தில் கூடுதல் வருமானம் தேடும் எந்தத் தமிழ் எழுத்தாளரும் பாடம் கேட்க வேண்டிய இடம் இதுதான்.

கதை முடிந்ததும் லிங்க்கை ஏன் எடுக்கிறார்கள்? வாசகியைத் தவிக்கவிடுவதற்காக மட்டும் அல்ல. அதற்குப் பின்னால் அமேசானின் ஒரு விதி இருக்கிறது.

அமேசான் 2007இல் கிண்டில் கருவியை அறிமுகப்படுத்தியபோதே எழுத்தாளர் தாமாக மின்னூல் வெளியிடும் வசதியையும் தொடங்கியது. கேடிபி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்தச் சேவையில் பதிப்பாளர் தேவையில்லை, ஐஎஸ்பிஎன் எண்கூடத் தேவையில்லை. கோப்பை ஏற்றி, அட்டைப் படம் வைத்து, விலை போட்டால் ஓரிரு நாளில் புத்தகம் கடையில் நிற்கும். தமிழ் நூல்களுக்கான கதவு 2016 டிசம்பரில் திறந்தது. விற்ற விலையில் எழுத்தாளருக்கு 35 விழுக்காடு அல்லது 70 விழுக்காடு. இந்திய விற்பனைக்கு அந்த 70 வேண்டுமென்றால் ‘கேடிபி செலக்ட்’ என்ற திட்டத்தில் சேர்ந்தாக வேண்டும். சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த எழுத்து மின்வடிவில் வேறெங்கும் இருக்கக்கூடாது. சொந்த இணையப் பக்கத்தில் இலவசமாகக் கிடந்தாலும் விதிமீறல்தான். அதனால்தான் கதை முடிந்த கையோடு லிங்க் போய்விடுகிறது.

இந்தத் திட்டத்தில் சேர்வதற்கு இன்னொரு பெரிய காரணம் கிண்டில் அன்லிமிடெட். மாதச் சந்தா கட்டியவர் எத்தனை நூலையும் படிக்கலாம்; எழுத்தாளருக்கு, படிக்கப்பட்ட பக்கத்துக்குக் காசு. முதலில் இது பக்கக் கணக்கில் இல்லை. நூலை எடுத்தவர் பத்து விழுக்காடு தாண்டினாலே முழுத்தொகை வந்துவிடும். அதைப் பார்த்துப் பலர் இருபது பக்கத்தில் ‘நூல்’ எழுதிக் குவித்தார்கள். 2015 ஜூலையில் அமேசான் அதை மாற்றி, வாசகர் உண்மையில் புரட்டிய பக்கங்களுக்கு மட்டும் என்று ஆக்கியது. பக்கத்துக்கான தொகை மாதத்துக்கு மாதம் மாறும். அமெரிக்க சந்தாதாரர் படித்தால் பக்கத்துக்குக் கிட்டத்தட்ட அரை சென்ட். இந்திய சந்தாதாரர் படித்தால் அதைவிடக் கணிசமாகக் குறைவு, பைசாக் கணக்குதான். ஒரு வாதத்துக்குப் பத்து பைசா என்று வைத்துக்கொள்வோம். 300 பக்க நாவலை ஒருவர் முழுதாகப் படித்தால் 30 ரூபாய். ஆயிரம் பேர் படித்தால் 30,000 ரூபாய். இருபது பேர் படித்தால் 600.

இந்தக் கணக்கில் யாருக்கு லாபம் என்பது தெளிவு. கீழே வைக்க முடியாதபடி கதை சொல்பவருக்கு லாபம். பட்டியலில் பத்து, இருபது தலைப்புகள் வைத்திருப்பவருக்கு இன்னும் லாபம். ஒன்றைப் படித்த வாசகி மீதியையும் வரிசையாகப் படிப்பாள். நியூ ஜெர்சியிலோ டெக்ஸஸிலோ வாசகிகள் இருந்தால் அவர்கள் புரட்டும் ஒவ்வொரு பக்கமும் நாமக்கல் வாசகி புரட்டும் பக்கத்தைவிட அதிகம் தரும். ஒரு கவிதைத் தொகுப்பு 64 பக்கம். அது எத்தனை அருமையாக இருந்தாலும் இந்தக் கணக்கில் அதற்கு இடமே இல்லை. வருத்தம்தான், ஆனால் கவிஞர்கள் இதைத் தெரிந்துகொண்டு வேறு வழி பார்ப்பது நல்லது.

ஏற்கெனவே நிறைய எழுதி வைத்திருக்கும் மூத்த எழுத்தாளர்களுக்கு இங்கே ஒரு புதையல் கிடக்கிறது. அச்சில் இல்லாமல் போன பழைய நாவல்கள், சிறுகதைத் தொகுப்புகள். மாத நாவல் காலத்து எழுத்தாளர்கள் பலருடைய நூல்களைப் பெங்களூரின் புஸ்தகா நிறுவனம் மின்னூலாக்கியிருக்கிறது. தாமே செய்ய விரும்புகிறவர்களுக்கு முதல் தலைவலி எழுத்துரு. இருபது ஆண்டுக்கு முந்தைய டிடிபி கோப்புகள் பாமினியிலோ ஸ்ரீலிபியிலோ வானவில்லிலோ இருக்கும். அப்படியே ஏற்றினால் கிண்டிலில் புரியாத ரோமன் எழுத்துகளாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்ற இலவச மாற்றிகள் உண்டு. மாற்றியபின் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும், மெய்ப்புப் பார்க்காமல் விட்டால் முதல் பக்கத்திலேயே வாசகர் ஓடிவிடுவார். மின்னூலாக்குவதில் உண்மையான வேலை இந்த மெய்ப்புத்தான். மற்றதெல்லாம் ஒரு பிற்பகல் வேலை.

புனைபெயரில் எழுதுகிறவர்களுக்குக் கேடிபியில் ஒரு வசதி: புத்தகத்தின் மேல் புனைபெயர் இருக்கும், பணம் சொந்தப் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போகும், வாசகருக்கு எதுவும் தெரியாது. வாசகரிடமிருந்து நேரடியாக யுபிஐயில் வாங்கினால் அப்படி இல்லை. அனுப்புகிறவரின் திரையில் வங்கிக் கணக்கின் பெயர் வந்து நிற்கும். எண்ணையே முகவரியாக வைத்திருந்தால் செல்பேசி எண்ணும் போய்விடும். வீட்டுக்குத் தெரியாமல் எழுதும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள்; அவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

இந்தத் தொழிலின் பெரிய சாபம் பிடிஎஃப். கிண்டிலில் ஏறிய நாவல் சில நாட்களில் டெலிகிராம் குழுக்களில் திருட்டுப் பிரதியாகச் சுற்ற ஆரம்பிக்கும். காசு போவது ஒரு பக்கம். வேறிடத்தில் அதே எழுத்து கிடப்பதை அமேசானின் சோதனை கண்டுபிடித்தால், உரிமையை நிரூபிக்கச் சொல்லி எழுத்தாளருக்கே கடிதம் வரும். திருட்டுக் கொடுத்தவர் தானே சாட்சியமும் காட்ட வேண்டும். எழுதிய தேதிகளோடு வரைவுகளைச் சேமித்து வைத்திருப்பவர்கள் இதில் தப்பிக்கிறார்கள்.

பிரதிலிபி வேறு மாதிரி. 2014இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட இந்தச் செயலியில் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். வாசகர்கள் காசு கொடுத்து நாணயங்கள் வாங்கி எழுத்தாளருக்கு ஸ்டிக்கராகப் பரிசளிக்கலாம். சந்தா கட்டி அடுத்த அத்தியாயத்தை மற்றவர்களுக்கு முன்பே படிக்கலாம். வருமானம் பெரும்பாலும் சிறு தொகைகள். ஆனால் ஒரு புது எழுத்தாளருக்கு இங்கே கிடைப்பது வேறெங்கும் சுலபத்தில் கிடைக்காத ஒன்று: முன்பின் தெரியாத ஆயிரம் வாசகர்கள், அவர்கள் எந்த அத்தியாயத்தில் கழன்றுகொண்டார்கள் என்ற தகவல். பத்திரிகைக்குக் கதை அனுப்பிவிட்டு ஆறு மாதம் காத்திருந்த தலைமுறைக்கு இதன் அருமை தெரியும்.

இப்படிப்பட்ட தளங்களில் குடியிருப்பது வாடகை வீட்டில் இருப்பது போல. வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம். அமேசானே அமெரிக்காவில் 2021இல் ‘கிண்டில் வெல்லா’ என்ற பெயரில் தொடர்கதைகளுக்கென ஒரு தளம் தொடங்கியது. எழுத்தாளர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்து அழைத்தது. 2025 பிப்ரவரியில் மூடிவிட்டது. அங்கே வாசகர்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் அவர்களை வேறிடத்துக்குக் கூட்டிப் போக வழியில்லாமல் நின்றார்கள். தளம் எதுவானாலும், வாசகரின் மின்னஞ்சலோ வாட்ஸ்அப் எண்ணோ எழுத்தாளரிடம் தனியாக இருக்க வேண்டும். நூறு பேருடையது இருந்தாலும் போதும்.

வாசகரிடம் நேரடியாகக் கேட்பது

வாசகரிடம் நேராகக் காசு கேட்கலாமா என்ற கேள்வி இணைய எழுத்தின் தொடக்கத்திலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு ஜூலையில் ஸ்டீஃபன் கிங் ஒரு நாவலைத் தன் இணையதளத்தில் தவணைகளாக வெளியிட்டார். ஒரு தவணைக்கு ஒரு டாலர். கட்டாயம் இல்லை, நம்பிக்கைதான். ஆனால் படிப்பவர்களில் 75 விழுக்காட்டினர் பணம் கட்டாவிட்டால் நிறுத்திவிடுவேன் என்று முன்பே சொன்னார். முதலில் கட்டினார்கள். போகப் போகப் பாதிக்கும் கீழே இறங்கியது. டிசம்பரில் கிங் நிறுத்திவிட்டார். கதை இன்றுவரை முடியவில்லை. இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. செலவு போக அவருக்கு நாலரை லட்சம் டாலருக்கு மேல் நின்றது என்பதை அவர்கள் கவனிக்கவில்லை.

தமிழில் இந்த நேரடி வழியைப் பல விதமாகக் கையாண்டிருக்கிறார்கள். சாரு நிவேதிதா தன் இணையதளத்தில் வாசகர்களிடம் வெளிப்படையாகச் சந்தாவும் நன்கொடையும் கேட்கிறார். எழுத்தாளன் கேட்பதில் என்ன வெட்கம் என்பது அவர் கட்சி. தமிழ்ச் சூழலில் அதற்கே ஒரு துணிச்சல் வேண்டும். ஜெயமோகன் நேர் எதிர்த்திசையில் போனார். மகாபாரதத்தை மறுஆக்கம் செய்த ‘வெண்முரசு’ நாவல் வரிசையை 2014 ஜனவரி முதல் நாளில் தொடங்கி 2020 ஜூலை வரை, கிட்டத்தட்ட நாள்தோறும் ஓர் அத்தியாயமாக இணையத்தில் இலவசமாகவே வெளியிட்டார். மொத்தம் 26 நாவல்கள். அத்தனையும் திரையில் சும்மா கிடைத்தபோதும், கெட்டி அட்டையில் ஓவியங்களோடு வந்த செம்பதிப்புகளை முன்பதிவு செய்து வாங்கினார்கள் வாசகர்கள். இலவசமாகக் கொடுத்தால் அச்சு விற்காது என்று பயப்படும் பதிப்பாளர்கள் இந்த ஒரு உதாரணத்தைப் பார்க்கலாம். ஆனால் எல்லோராலும் இது ஆகாது. ஆறரை ஆண்டு ஒரே வேகத்தில் எழுதக் கை வேண்டும்.

பா. ராகவன் மூன்றாவது வழி. கிண்டிலில் தன் பழைய நூல்களையும் புதியவற்றையும் ஏற்றியவர், இணையவழி எழுத்துப் பயிற்சி வகுப்புகள் நடத்தியவர், 2022இல் சந்தா அடிப்படையில் ‘மெட்ராஸ் பேப்பர்’ இணைய வார இதழைத் தொடங்கியவர். அவரிடம் வகுப்பில் படித்தவர்கள் பலர் அந்த இதழில் எழுதினார்கள். அந்தக் கட்டுரைகள் பிறகு நூல்களாயின. ஒன்று இன்னொன்றுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறது. வகுப்பு எடுப்பது பல எழுத்தாளர்களுக்கு எழுதுவதைவிட நல்ல வருமானம் என்பது வெளியில் யாரும் அதிகம் சொல்லாத உண்மை. சிறுகதை எழுதுவது எப்படி என்று ஜூமில் நாலு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுத்தால் முப்பது பேர் கட்டணம் கட்டுவார்கள். அதே எழுத்தாளரின் சிறுகதைத் தொகுப்பு அந்த நாலு வாரத்தில் முப்பது பிரதி விற்குமா என்பது சந்தேகம்.

வெளிநாட்டில் கட்டணச் செய்திமடல் பெரிய வியாபாரம். 2017இல் வந்த சப்ஸ்டாக் பத்து விழுக்காடு எடுத்துக்கொண்டு மீதியை எழுத்தாளரிடம் விட்டுவிடுகிறது. ஆனால் அது ஸ்ட்ரைப் என்ற கட்டணச் சேவையை நம்பியது. இந்தியாவில் ஸ்ட்ரைப் கணக்கு புதிதாகத் தொடங்குவது சுலபமாக இல்லை. அதனால் சப்ஸ்டாக்கில் எழுதும் நம்மவர்கள் பலர் மடலை இலவசமாக அனுப்பிவிட்டு, கடைசியில் ஒரு க்யூஆர் கட்டத்தை வைக்கிறார்கள். யுபிஐக்குக் கமிஷன் இல்லை. கனடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் வாசகர், இந்திய வங்கிக் கணக்கு இல்லாவிட்டால், அதில் சுலபமாகப் பணம் போட முடியாது என்பதுதான் இடர்.

அச்சு நூலை நேரடியாக விற்பதும் இணைய வருமானம்தான். எஸ். ராமகிருஷ்ணன் தேசாந்திரி என்ற பெயரில் சொந்தப் பதிப்பகமே வைத்திருக்கிறார். அந்த அளவுக்குப் போகாதவர்களுக்குத் தேவைக்கேற்ப அச்சிடும் முறை இருக்கிறது. ஆர்டர் வந்தால் ஒரு பிரதியைக்கூட அச்சடித்து அனுப்பும் நிறுவனங்கள் உண்டு. சென்னையில் 2012இல் தொடங்கிய நோஷன் பிரஸ் அதில் ஒன்று. ஐம்பது பிரதி அடித்து வைத்துக்கொண்டு, ஃபேஸ்புக்கில் அறிவித்து, கையெழுத்துப் போட்டு அஞ்சலில் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களை 2024 டிசம்பரில் அஞ்சல் துறை ஓர் ஆட்டு ஆட்டியது. குறைந்த செலவில் நூல் அனுப்ப உதவிய புக் போஸ்ட் வசதியைத் திடீரென்று நிறுத்திவிட்டது. புத்தக விலையில் பாதி தபால் செலவாகிற நிலை வந்தது. பிறகு 2025 மே மாதம் ‘ஞான் போஸ்ட்’ வந்தது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. 200 பக்க நாவல் ஒன்று சுமாராக அந்த முந்நூறு கிராமுக்குள் அடங்கிவிடும். உறையையும் சேர்த்து எடை போட்டுப் பார்த்துவிட்டுத் தாளின் தடிமனை முடிவு செய்யும் எழுத்தாளர்கள் உருவாகிவிட்டார்கள்.

விளம்பரமும் குரலும்

கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவை தமிழை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில். தமிழ் வலைப்பூக்கள் கொடிகட்டிப் பறந்த காலம் அதற்கு முன்பே முடிந்திருந்தது. எழுதியவர்களும் படித்தவர்களும் ஃபேஸ்புக்குக்கு நகர்ந்த பிறகு, காலியான மண்டபத்துக்கு மொய் வந்து சேர்ந்தது. இப்போதும் சமையல், ஆன்மிகம், வேலைவாய்ப்பு, அரசுத் திட்டங்கள் பற்றி எழுதுகிறவர்களுக்கு அதில் ஏதோ வருகிறது. தமிழ்ப் பக்கங்களுக்கான விளம்பரக் கட்டணம் ஆங்கிலத்தைவிடக் குறைவு. கணக்கில் நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். கதையும் கட்டுரையும் எழுதுகிறவர் இதை நம்பி உட்கார வேண்டாம்.

காசு குரலுக்குப் போய்விட்டது. யூடியூபில் ஆயிரம் சந்தாதாரர்களும், பன்னிரண்டு மாதத்தில் நாலாயிரம் மணிநேரப் பார்வையும் சேர்ந்தால் விளம்பர வருமானத்தில் 55 விழுக்காடு காணொலி போட்டவருக்கு. ஒலிக்கதைக்கு இது தோதான கணக்கு, ஏனென்றால் மணிநேரம் சீக்கிரம் ஏறும். ஆட்டோ ஓட்டிக்கொண்டும் தையல் தைத்துக்கொண்டும் கேட்பவர்கள் பாதியில் அணைப்பதில்லை. ‘பொன்னியின் செல்வ’னை வாசிக்கும் அலைவரிசைகள் அத்தனை இருப்பதற்குக் காரணம் கல்கியின் புகழ் மட்டும் அல்ல. அவர் எழுத்து நாட்டுடைமையாக்கப்பட்டது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை இருக்கும். 2008இல் மறைந்த சுஜாதாவின் கதையை அனுமதியின்றி வாசித்து ஏற்றினால், உரிமைதாரர் புகார் கொடுக்கலாம். 90 நாளில் மூன்று புகார் சேர்ந்தால் அலைவரிசையே போய்விடும்.

எழுத்தாளருக்கு இதில் ஒரு சாதகம். சொந்தக் கதைக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். தொடர்நாவல் எழுத்தாளர்கள் இதையும் முதலில் பிடித்துக்கொண்டார்கள். அச்சும் கிண்டிலும் முடிந்த நாவலைக் குரல் நன்றாக இருக்கும் ஒருவரிடம் கொடுத்து, வருமானத்தில் பங்கு பேசி, ஒலிநூலாக யூடியூபில் ஏற்றுகிறார்கள். கேடிபி செலக்ட்டின் தடை எழுத்து வடிவத்துக்குத்தான், ஒலிக்கு இல்லை. குக்கு எஃப்எம், பாக்கெட் எஃப்எம் போன்ற செயலிகளும் ஒலித்தொடர்களுக்கு எழுத ஆள் எடுக்கின்றன. அங்கே பெரும்பாலும் அத்தியாயத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படும், உரிமை நிறுவனத்துக்குப் போகும். அவசரத்துக்குக் காசு வேண்டும் என்றால் சரி. உயிரைக் கொடுத்து யோசித்து வைத்த கதையை அங்கே கொடுக்கலாமா என்பதை யோசித்துச் செய்ய வேண்டும்.

கதையோடு சம்பந்தமில்லாத எழுத்து வேலைகளும் உண்டு: மொழிபெயர்ப்பு, துணைத்தலைப்பு, செயலிகளைத் தமிழாக்குவது, நிறுவனங்களுக்கு விளம்பர வாசகம். புகழ் கிடைக்காது, பெயர்கூட வராது, ஆனால் மாத இறுதியில் நிச்சயமாகத் தொகை வரும். மொழிபெயர்ப்புக்குக் கூலி பேசும்போது எந்த மொழியின் சொல்லை எண்ணுவது என்று முதலில் கேட்க வேண்டும். தமிழில் வேற்றுமை உருபும் எதிர்மறையும் காலமும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் எண்ணிக்கை கணிசமாகக் குறையும். தமிழ்ச் சொல்லுக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொண்டவர் அதே வேலைக்குக் குறைவாகத்தான் வாங்குவார். துணைத்தலைப்புக்குப் படத்தின் ஓடும் நிமிடத்துக்குக் கூலி. ஒரு நிமிடப் படத்துக்கு எத்தனை நிமிடம் உட்கார வேண்டியிருக்கிறது என்று ஒருமுறை கடிகாரத்தை வைத்துப் பார்த்தால்தான் அது கட்டுப்படியாகுமா என்று தெரியும். ஃபைவர் போன்ற சந்தைகள் கூலியில் 20 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்கின்றன.

இயந்திர மொழிபெயர்ப்பு வந்தபின் இந்தச் சந்தை ஆட்டம் கண்டிருக்கிறது. ‘மொழிபெயர்க்க வேண்டாம், இயந்திரம் செய்ததைத் திருத்திக் கொடுங்கள்’ என்று பாதிக் கூலிக்கு வேலை வருகிறது. திருத்துவதற்குப் புதிதாகச் செய்துவிடலாம் என்கிற தரத்தில் பல நேரம் கோப்பு இருக்கும். கதையுலகிலும் இதன் நிழல் விழுந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று 2023 செப்டம்பரிலிருந்து கேடிபி கேட்கிறது. ஒரு நாளைக்கு மூன்று நூலுக்கு மேல் ஏற்றக்கூடாது என்றும் அப்போது கட்டுப்பாடு வைத்தது. ஒரு நாளைக்கு மூன்று என்பதே கட்டுப்பாடாகிற காலம் இது.

எழுத ஆசைப்படுகிறவர்களைக் குறிவைத்தே ஒரு மோசடிக் கூட்டம் வளர்ந்திருக்கிறது. பக்கத்துக்கு இவ்வளவு என்று தட்டச்சு வேலை தருவார்கள், பதிவுக் கட்டணம் கேட்பார்கள், வேலை முடித்ததும் பிழை அதிகம் என்று சொல்லி ஒப்பந்தத்தை மீறியதாக வக்கீல் பெயரில் மிரட்டல் அனுப்புவார்கள். ‘கூட்டுத் தொகுப்பில் உங்கள் கவிதை’ என்று பங்கேற்பாளரிடமே பணம் வாங்கிச் சான்றிதழும் கேடயமும் கொடுப்பவர்கள் இன்னொரு வகை. இது சட்டப்படி குற்றமில்லை, ஆனால் அதில் சம்பாதிப்பது எழுத்தாளர் அல்ல. பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் தொகையை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.

பேப்பரும் பேனாவும் தேவைப்படும் இடம்

மோசடியே இல்லாத இடத்திலும் எழுத்தாளர் இழப்பது ஒப்பந்தத்தில்தான். பழைய நாவலை மின்னூலாக்கப் போகும்போது, அந்த உரிமையை எப்போதோ பதிப்பாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டோமோ என்ற குழப்பம் பலருக்கு வரும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவு இங்கே எழுத்தாளர் பக்கம் நிற்கிறது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதி. 2012இல் செய்த திருத்தம் இன்னும் பெரியது: கையெழுத்துப் போட்ட காலத்தில் புழக்கத்திலேயே இல்லாத ஊடகத்துக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாவிட்டால், அந்த ஒப்பந்தம் செல்லாது. எதுவுமே எழுதாமல் வாய்ப்பேச்சில் கொடுத்தவர்களுக்கும் பயம் வேண்டாம். உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும்.

இன்று கையெழுத்துப் போடுகிறவர்கள் ‘எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், என்றென்றைக்கும்’ என்ற வரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அச்சு, மின்னூல், ஒலி, மொழிபெயர்ப்பு, திரை ஆகிய ஐந்துக்கும் தனித்தனி வரி, தனித்தனித் தொகை கேட்பது தவறில்லை. புதிய எழுத்தாளர் கேட்டால் கிடைக்காமல் போகலாம். கேட்டதற்காக யாரும் நூலைத் திருப்பி அனுப்புவதில்லை.

பணம் வர ஆரம்பித்தால் வரியும் வரும். கேடிபியில் ஜனவரியில் விற்றது மார்ச் கடைசியில்தான் கணக்குக்கு வரும், அதனால் நிதியாண்டுக் கணக்கு சற்றுக் குழம்பும். மாதாந்திர அறிக்கைகளை இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 80கியூகியூபி என்று ஒரு பிரிவு, இலக்கிய நூல்களின் ராயல்டிக்கு மூன்று லட்ச ரூபாய் வரை கழிவு தந்தது. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும்தான் அது. அதிலும் ஒரு கொக்கி: மொத்தத் தொகையாக இல்லாமல் விற்பனைக்கு ஏற்ப வரும் ராயல்டி என்றால், விற்ற நூல்களின் மதிப்பில் 15 விழுக்காட்டுக்கு மேல் கழிவு கிடையாது. கிண்டிலில் 70 விழுக்காடு வாங்குகிறவருக்கு அதில் சிறு பகுதிக்குத்தான் பலன். 2025ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டதால் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். நூலைத் தாண்டி மொழிபெயர்ப்பு, வகுப்பு, காணொலி என்று எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவைப் பற்றிப் பெரும்பாலான எழுத்தாளர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. தாண்டினால் அதுவே நல்ல செய்திதான்.

அமெரிக்க வாசகர்கள் மூலம் வரும் தொகைக்கு அங்கேயே ஒரு வரி பிடிப்பார்கள். கேடிபி கணக்குத் தொடங்கும்போது வரும் வரி நேர்காணல் படிவத்தை அவசரத்தில் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். அதில் இந்தியாவில் வசிப்பவர் என்று குறித்து பான் எண்ணைக் கொடுத்தால், இந்திய - அமெரிக்க வரி ஒப்பந்தப்படி ராயல்டியில் 15 விழுக்காடு பிடித்தம். கொடுக்காவிட்டால் 30. படிவத்தைப் பிறகும் திறந்து திருத்தலாம், ஆனால் ஏற்கெனவே பிடித்ததை அமேசானிடம் கேட்டு வாங்க முடியாது. அமெரிக்க வரித்துறைக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.